ஏழாவது வரி

எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில், ஒரு சார்ஜர் தொங்குகிறது. கறுப்பு வயர், நடுவில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டியின் மேல் கடுகு போல ஒரு விளக்கு. அது பொருந்தக்கூடிய மடிக்கணினி இந்த வீட்டில் இல்லை. எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது. வழக்கு முடிந்தபோது அது அரசாங்கத்துக்கே போகட்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. காவல் நிலையத்துக்குப் போன அன்று அப்பா மடிக்கணினியை மட்டும் ஒரு நெகிழிப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டார். சார்ஜர் சுவரோடு கிடந்துவிட்டது. வீட்டைக் கூட்டும்போதெல்லாம் இதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தம்பி எனக்கு ஆறு வயது இளையவன். ஈப்போ நகரின் ஓரத்தில் ஒரு மலிவுவிலை அடுக்குமாடியில் நாலாவது மாடி எங்களுடையது. அந்த வீட்டில் அவனுக்கென்று இருந்த இடம் இந்த ஜன்னலுக்குக் கீழே இருக்கும் அரிசி டின்தான். தரைத்தளத்தில் காசு போட்டால் தானே துவைக்கும் டோபி கடை ஒன்று உண்டு. அந்தக் கடையின் வைஃபை எங்கள் வீட்டில் இந்த ஒரு மூலைக்கு மட்டும்தான் எட்டும். பள்ளி விட்டு வந்தால் டின்னின் மேல் ஏறி உட்கார்ந்து, நான் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த பழைய மடிக்கணினியைத் தொடையில் வைத்துக்கொள்வான். அரிசி எடுக்க வேண்டுமென்றால் அவனை எழுப்ப வேண்டும். எழுந்து நிற்பான், திரையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டான், நான் அளந்து முடித்ததும் மறுபடி உட்காருவான். அம்மா அவனை டின்மூடி என்றே கூப்பிடுவார். கூட்டாளி என்று ஒருவன் அவனைத் தேடி வீட்டுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. நான் அப்போது ஒரு கிளினிக்கின் முகப்பில் நோயாளிகளின் பெயரைப் பதிந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் எனக்கு யாரிடமாவது அன்றைய கதையைக் கொட்ட வேண்டும். அடுப்பைப் பார்த்துக்கொண்டே அவனிடம் கொட்டுவேன். பதில் வராது. கேட்கிறானா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்த டின்னின் மேல் உட்கார்ந்தபடியே அவன் ஊரார் கணினிகளுக்குள் போய்வந்துகொண்டிருந்தான் என்பது எங்களுக்கு வெகுநாள் தெரியாமல் இருந்தது. திருடவில்லை, யாரையும் மிரட்டவில்லை. பள்ளியின் இணையப் பக்கத்தில் முதல்வரின் படம் இருந்த இடத்தில் ஓர் ஓராங் ஊத்தானின் படத்தை வைத்தான். அது ஒரு காலைப்பொழுது முழுக்க இருந்தது, பள்ளியே வயிறு குலுங்கச் சிரித்தது. ஒரு பூப்பந்து அரங்கின் முன்பதிவுப் பட்டியலுக்குள் போனான். ஒரு கோயிலின் பக்கத்துக்குள் போய், திருவிழாத் தேதியைத் தப்பாகப் போட்டிருந்ததைத் திருத்திவிட்டு வந்தானாம். எதற்குடா இந்த வேலை என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். “கதவு பூட்டாம கெடந்துச்சுக்கா. சும்மா தள்ளிப் பாத்தேன் லா” என்றான். பூட்டாத வீடாக இருந்தாலும் கேட்காமல் உள்ளே போனால் அதுவே குற்றம் என்கிறது சட்டம். எதையாவது எடுத்தாயா, மாற்றினாயா என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்விகள். இன்றைக்கு எனக்கு இது மனப்பாடம். அன்றைக்கு எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் தெரியாது.

அவன் பள்ளியின் கடைசித் தேர்வான எஸ்.பி.எம் எழுதி முடித்து, பொலிடெக்னிக்கில் கணினித் துறைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த சமயம் அது. அப்பாவின் கைப்பேசிக்குக் காவல் நிலையத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பள்ளியின் இணையப் பக்கம் சம்பந்தமாக வாக்குமூலம் கொடுக்க வியாழக்கிழமை காலையில் பையனை அழைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பள்ளி சம்பந்தமாக மட்டும்தான். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

அப்பா செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டிப் பால் எடுத்து, தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது வெளியே வந்தவர். பிறகு ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் காக்கும் ஜாகா வேலை. தோட்டத்தை நினைத்து ஏங்கியவர் இல்லை. அட்டைக்கடி, கொசுக்கடி என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை. ஆனால் தோட்டத்துப் பயம் ஒன்று அவரோடு லாரியில் ஏறி ஈப்போவுக்கு வந்துவிட்டது. தப்புச் செய்தவன் தானாகவே ஆபீசுக்குப் போய் நிற்க வேண்டும். தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு செய்தது அத்தனையையும் சொல்ல வேண்டும். ஆபீஸ் கணக்கர் கிராணி எழுதிக்கொள்வார், துரை கண்டபடி திட்டுவார், மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது எல்லார் முன்னாலும் மானம் போகும். அதோடு முடிந்துவிடும். ஒளித்தவனுக்குத்தான் வேலையும் போகும், லயத்து வீடும் போகும். அப்பாவே வாலிப வயதில் கிண்ணத்தில் உறைந்த கட்டிப்பாலை மறைத்து வெளியே விற்றுவிட்டு, இப்படிப் போய் நின்று தப்பியவர். அந்தக் கதையை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். இப்போது அதையே மகனுக்கு வழியாகச் சொன்னார். “ஒன்னுவிடாம சொல்லிப்புடு தம்பி. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா ஒளிக்கிறான்னு நெனப்பாங்க. நாமளே எல்லாத்தையும் வச்சிட்டா விட்டுருவாங்க.”

நான் படித்தவள். அந்த வீட்டில் மலாய்க் கடிதம் எழுத, பாரம் நிரப்ப எல்லாவற்றுக்கும் நான்தான். ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டுப் போகலாம் அப்பா என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பா சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. அது மட்டுமில்லை, கிளினிக்கில் கூட வேலை செய்த ஒரு அக்கா, பதினெட்டு வயதுக்குள் செய்ததென்றால் சிறார் நீதிமன்றம்தான், கதவைச் சாத்திக்கொண்டு விசாரிப்பார்கள், நன்னடத்தைக்கு எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார். ஆக, சொல்வதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் நல்லது என்று எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் கோடு போட்ட தாளை எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். அவன் டின்னின் மேல். நான் எழுதினேன், அவன் சொன்னான். எந்த இடம், என்றைக்கு, என்ன செய்தான் என்று நம்பர் போட்டு, மலாயில், குண்டு குண்டான எழுத்தில்.

ஆறு வரி ஆனது. அவ்வளவுதானே என்றேன். இன்னொன்று இருக்கிறது என்று ஒரு தாதியர் கல்லூரியின் பெயரைச் சொன்னான். நான் இரண்டாவது தடவையாக விண்ணப்பம் போட்டு, உதவித்தொகையோடு இடம் கிடைத்து, கடிதம் வந்து இரண்டு வாரம்கூட ஆகாத அதே கல்லூரி. அங்கே எதற்குடா போனாய் என்று கத்தினேன். என் இடத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அப்போது என் கவலை. அவன் வழக்கமான பதிலைச் சொன்னான், சும்மா பார்த்தேன் என்று. எப்போது என்று கேட்டேன். தேதி தெரியாது என்றான். “நீ சப்பாத்திய கருக்கினியே, அந்தச் சனிக்கெழமை.” நான் எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தேன். நான் விடுமுறை எடுத்த சனிக்கிழமையைக் குறித்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு வந்த புதன்கிழமையைச் சுற்றி அம்மா சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருந்தார். அது தம்பியின் நட்சத்திரம், கோயிலில் அர்ச்சனை செய்த நாள். எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் நட்சத்திரம்தான். ஆங்கிலத் தேதியை யாரும் கொண்டாடியதும் இல்லை, நினைவில் வைத்ததும் இல்லை. சனிக்கிழமை வட்டத்துக்கு முன்னால் இருந்தது. அப்படியென்றால் பதினெட்டு முடிந்திருக்கவில்லை, பயமில்லை. கோபம் ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கமாக, அந்தத் தேதியை ஏழாவது வரியில் எழுதினேன்.

காவல் நிலையத்தில் அந்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் இருந்தார். அப்பாவுக்கு நாற்காலி போடச் சொன்னார், தம்பிக்கு மைலோ வாங்கிவரச் சொன்னார். நான் நீட்டிய தாளை முழுக்கப் படித்துவிட்டு, பகுஸ் என்றார், நல்லது என்று. மடிக்கணினியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னார். வெளியே வந்ததும் அப்பாவின் முகம் தெளிந்திருந்தது. நாற்காலி கொடுத்ததைப் பற்றி வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார். தம்பி பேருந்தின் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கையில் ஒன்றும் இல்லாததால் இரண்டு கையையும் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதம் கழித்துத்தான் வக்கீலைத் தேடினோம். இலவசச் சட்ட உதவியில் கிடைத்த அம்மையார். மூன்று தலைமுறையாக உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். நாங்கள் பேசும் தமிழும் அவர் பேசும் தமிழும் ஒன்றை ஒன்று எட்டிப் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தவர் என் தாளின் நகலில் நின்றார். “இதை ஆர் எழுதினது?” என்று கேட்டார். நான் பெருமையாகவே கையைத் தூக்கினேன். அவர் தம்பியின் அடையாள அட்டையை வாங்கிப் பக்கத்தில் வைத்து, விரலால் நாள் எண்ணினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “பிள்ளை, அவங்கள் கேட்டது பள்ளிக்கூடத்தை மட்டும்தானே?” என்றார். வேறு ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடையாள அட்டையின்படி அந்தச் சனிக்கிழமை தம்பிக்குப் பதினெட்டு முடிந்து ஒன்பது நாள். அந்தத் தாளை நீதிமன்றத்தில் சாட்சியாகக் காட்ட மாட்டார்கள் என்று வக்கீலம்மா விளக்கினார். ஆனால் மடிக்கணினிக்குள் எங்கே, எந்தத் தேதியில் தேட வேண்டும் என்று அது கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டிவிட்டது. நான் எழுதாமல் இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டார்களா என்று கேட்டேன். பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் போயிருக்கலாம் என்றார். அந்தப் பதிலோடு நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

பள்ளி விஷயம் சிறார் நீதிமன்றத்துக்குப் போனது. கிளினிக் அக்கா சொன்னபடியே கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்து, நன்னடத்தைக்கு எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். நடுவில் இருந்த ஐந்து இடத்துக்காரர்களும் புகார் கொடுக்கவில்லை. ஏழாவது வரி மட்டும் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போனது. பெரியவர்கள் கோர்ட். அதற்குள் நான் கல்லூரியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சீருடையின் மேல் ஒரு குளிராடையைப் போட்டு மூடிக்கொண்டு போனேன்.

தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டான். அரசுத் தரப்பில் நடந்ததைப் படித்தார்கள். இந்த நாள், இத்தனை மணிக்கு, விண்ணப்பதாரர்களின் பதிவேட்டுக்குள் நுழைந்தான். நாலு நிமிடம் இருந்தான். எதையும் மாற்றவில்லை, எதையும் எடுக்கவில்லை. ஒரே ஒரு விண்ணப்பதாரரின் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்தான். அடுத்து அந்த விண்ணப்பதாரரின் பெயரைப் படித்தார்கள். இன்னாரின் மகள் இன்னார் என்று, அப்பாவின் பெயரோடு சேர்த்து, என் முழுப் பெயர். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்போமே, அப்படி நான் பாதி எழுந்துவிட்டேன். தம்பி குற்றவாளிக் கூண்டில் இருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை எனக்கு முழுசாகத் திரும்பி வந்தது. கல்லூரியிலிருந்து பதில் வருமென்று கைப்பேசியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவர் பெயரை எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று, போன வாரமெல்லாம் புலம்பியதையே புலம்பினேன். சப்பாத்தி கருகிப் புகை கிளம்பியது. தம்பி டின்னிலிருந்து இறங்கி அடுப்பை அணைத்தான். போகிற போக்கில், “கெடைச்சிரும்க்கா” என்றான். அவனாக வாயைத் திறந்து ஆறுதல் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உனக்கென்னடா தெரியும் என்று சொல்லி, கருகிய சப்பாத்தியை அவன் தட்டில் போட்டேன். அவன் அதைச் சாப்பிட்டுவிட்டான்.

மூன்று மாதச் சிறை. இளவயதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதாகவும், ஆனாலும் பிறருடைய பதிவேடுகளுக்குள் நுழைவதை விளையாட்டாக எண்ண விடக்கூடாது என்றும் நீதிபதி சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் இன்று நோயாளிகளின் பதிவேட்டைக் கையாள்பவள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. தீர்ப்பு புரிந்ததும் அப்பா பின்வரிசையில் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். கூப்பினபடியே நின்றார். நீதிமன்ற ஊழியர் ஒருவர் அருகில் வந்து, உட்காருங்கள் ஐயா என்று மெதுவாகச் சொன்னார். அப்பாவுக்கு அது காதில் விழவே இல்லை, நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

மறுவாரம் கல்லூரியில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தம்பி செய்ததற்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அவன் பார்த்தது எனக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். உண்மைதான். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவனைப் பற்றி என் கையால் எழுதிய இரண்டாவது தாள் அது. அதைக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய், ரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி என்று படித்தேன்.

சிறையில் அவனைப் பார்க்கப் போனபோது நடுவில் கண்ணாடி இருந்தது, பேசுவதற்கு ஒரு தொலைபேசி இருந்தது. தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அப்பா மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டான். வீட்டில் அரிசி இருக்கிறதா என்றுகூடக் கேட்டான். உன் படிப்பு எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்கவில்லை. எனக்கும் கேட்க ஒரு கேள்வி இருந்தது. கொடுத்த நேரம் முடிந்து தொலைபேசி தானே அடங்கும் வரை அதை நான் கேட்கவில்லை.

ஒழுங்காக இருந்ததால் இரண்டு மாதத்தில் வந்துவிட்டான். பொலிடெக்னிக் இடம் அதற்குள் போய்விட்டது. வேலைக்கு விண்ணப்பிக்கும் பாரங்களில் எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா என்று ஒரு கேள்வி வரும். உண்டு என்று எழுதி, கீழே விவரமும் எழுதுவான். அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடு என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில் ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டப் போனான். அப்பா எதிலிருந்து வெளியே வந்தாரோ அதற்குள்ளேயே மகன் போய்ச் சேர்ந்தான். நாம சொன்னபடிதானே செஞ்சோம் என்று அப்பா சாகும் வரைக்கும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு, ஒண்டியாக என்னத்தைச் சமைத்துச் சாப்பிடுகிறானோ என்று அம்மாவும் அவனோடு போய்விட்டார். அம்மா செய்தது சரிதான். எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது, சீருடை இருக்கிறது. இந்த வீடு மட்டும் மாலையில் கதவைத் திறந்தால் காலையில் வைத்த இடத்தில் வைத்ததெல்லாம் அப்படியே இருக்கிறது.

தீபாவளிக்கு வருவான், மறுநாள் போய்விடுவான். பொத்தான் வைத்த பழைய கைப்பேசிதான் வைத்திருக்கிறான். என் கைப்பேசியில் ஏதாவது கோளாறு என்று நீட்டினால், கடையில் கொடு என்பான். போன மாதம் எங்கள் வார்டில் புதுக் கணினி முறை வந்தது. கடவுச்சொல்லைப் பிறர் பார்க்காமல் வைத்துக்கொள்வது பற்றி ஒரு வகுப்பு எடுத்தார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல், அவனுக்குப் போன் செய்தேன். ஆறு வருஷம் அடக்கி வைத்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். நான் எழுதிக்கொண்டிருந்தபோது, உனக்காகத்தான் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை?

டிராக்டர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினான்.

“சொன்னா நீ எழுதியிருக்க மாட்டேக்கா” என்றான். “அப்பாதான் ஒன்னுவிடாம சொல்லச் சொன்னாருல்ல.”

பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டான்.

அவன் சொன்னது உண்மை. எழுதியிருக்க மாட்டேன். ஆறு வரியோடு நிறுத்தி, தாளை மடித்திருப்பேன். அதைத் தெரிந்துகொண்டுதான் அவன் வாயை மூடிக்கொண்டு, நான் கத்துவதையும் வாங்கிக்கொண்டு, கருகிய சப்பாத்தியை அடையாளம் சொல்லியிருக்கிறான். இத்தனை நாள் அவன் என்மேல் கோபமாக இருக்கிறான் என்று நினைத்திருந்தேன். கோபமாக இருந்திருந்தால் எனக்கு இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். ஆணியிலிருந்து சார்ஜரை எடுத்துச் சுவரில் செருகினேன். பச்சை விளக்கு இன்னும் எரிகிறது. வயரின் மறுமுனையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அரிசி டின்னின் மேலேயே வைத்தேன். பிறகு அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு ஆளுக்கு அரிசி அளந்தேன். இப்போதெல்லாம் அரிசி எடுக்க யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.